பொன்வாயில்: வரலாறும் ஐதீகமும்

இன்று இஸ்தான்புல் என வழங்கும் கொன்ஸ்தாந்திநோபிள் மாநகரின் நிலப்புற மதிலின் தென்கோடியில், மர்மராக் கடலுக்கு அண்மையில், மூன்று வளைவுகளையுடைய பளிங்கு வாயிலொன்று நிற்கின்றது. வளைவுகள் கல்லாலும் செங்கல்லாலும் அடைக்கப்பட்டுள்ளன. இரு மருங்கிலும் சதுர வடிவான இரு பெரும் பளிங்குக் கோபுரங்கள் உள்ளன. பைசாந்தியப் பேரரசின் காலத்தில் இது பொன்வாயில் எனப் பெயர் பெற்றிருந்தது. பேரரசர்கள் வெற்றிவாகை சூடி நகருட் புகுந்த வழி இதுவே.

இவ்வாயிலைப் பற்றி இருவகைக் கூற்றுக்கள் உள. ஒன்று, காலவரலாற்று நூல்களும் கட்டட எச்சங்களும் தரும் வரலாறு. மற்றையது, கிரேக்க மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஐதீகம். 1453ஆம் ஆண்டில் நகரம் துருக்கியர் வசமானபோது, கடைசிப் பேரரசனாகிய பதினொராம் கொன்ஸ்தாந்தைன் பாலையலோகஸ் இறக்கவில்லை. தேவதூதன் ஒருவன் அவனைக் காப்பாற்றிப் பளிங்காக மாற்றிப் பொன்வாயிலுக்கு அண்மையிலுள்ள நிலக்குகையொன்றில் உறங்க வைத்தான். இதனையறிந்த துருக்கியர் அவன் எழுந்து வந்துவிடுவானென அஞ்சி வாயிலை அடைத்துவிட்டனர். காலம் கனியும்போது தேவதூதன் மீண்டும் வந்து வாளைக் கொடுக்க, அவன் எழுந்து அவ்வாயிலின் வழியே நகருட் புகுந்து பகைவரைத் துரத்துவான் என்பதே அவ்வைதீகம்.

இத்தகைய ஐதீகங்களை அணுகுவோரிடையே இரு போக்குகள் காணப்படுகின்றன. ஆவணச் சான்றில்லாத கற்பனையென்று ஒதுக்கிவிடுவோர் ஒரு சாரார். மக்கள் நெஞ்சிற் பிறந்தமையின் வரலாற்றை விட உயர்ந்த உண்மை அதிலே பொதிந்துள்ளதென்று போற்றுவோர் மற்றொரு சாரார். இவ்விரு போக்குகளும் ஆய்வுக்கு உதவுவன அல்ல. முதலாவது, ஐதீகத்தைத் தோற்றுவித்த சமூகத் தேவையைக் காணத் தவறுகின்றது. இரண்டாவது, அது மறைத்துவிடும் காரணங்களைக் காணத் தவறுகின்றது. பொன்வாயிலைப் பொறுத்தவரையில், ஐதீகத்தை வரலாற்றின் பக்கத்தில் வைத்து நோக்கும்போது ஒரு முக்கியமான முரண்பாடு தென்படுகின்றது. வாயிலைச் சுருக்கி அடைக்கத் தொடங்கியவர்கள் துருக்கியர் அல்லர்; பைசாந்தியப் பேரரசர்களே. இந்த முரண்பாட்டினைத் திறவுகோலாகக் கொண்டு இவ்வாயிலின் கதையை ஆராய்வது பொருத்தமுடையது.

1. வெற்றி வாயில்

கி.பி. 330இல் கொன்ஸ்தாந்தைன் பேரரசனாற் புதிய தலைநகராகத் திறந்துவைக்கப்பட்ட நகரம், ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே தன் முதல் மதிலைக் கடந்து வளர்ந்துவிட்டது. இரண்டாம் தியோடோசியஸின் ஆட்சியில், 413ஆம் ஆண்டளவில், மேற்கே புதியதொரு மதில் எழுப்பப்பட்டது. பேரரசன் அப்போது சிறுவன். பணியை நடத்தியவன் அந்தேமியஸ் என்னும் உயர் நிர்வாகி. 447இல் ஏற்பட்ட நிலநடுக்கம் இம்மதிலின் ஐம்பத்தேழு கோபுரங்களை வீழ்த்தியது. ஹூணர் தலைவன் அத்திலா படையெடுத்து வரக்கூடிய வேளை அது. இரண்டே மாதங்களில் மதில் செப்பனிடப்பட்டதென அக்காலக் கல்வெட்டுக்கள் பெருமிதத்துடன் கூறுகின்றன. உள்மதில், வெளிமதில், அகழி என்ற மூன்று அரண்களும் அமைந்த இப்பாதுகாப்பு ஆயிரம் ஆண்டுகள் நின்றது.

பொன்வாயில் இம்மதிலோடு கட்டப்பட்டதா, அன்றி அதற்கு முன்னரே கட்டப்பட்டதா என்பது நீண்டகால விவாதத்துக்குரிய பொருளாகும். வாயிலின் வளைவுக்கு மேலே உலோக எழுத்துக்களாலான இலத்தீன் கல்வெட்டொன்று இருந்தது. எழுத்துக்கள் மறைந்துவிட்டன, அவற்றைப் பொருத்துவதற்கென இடப்பட்ட துளைகளே எஞ்சின. கொடுங்கோலன் ஒருவனது அழிவுக்குப் பின் தியோடோசியஸ் இவ்விடத்தை அழகுபடுத்தினான் என்றும், வாயிலைப் பொன்னாற் கட்டியவன் பொற்காலத்தைக் கொணர்ந்தான் என்றும் அக்கல்வெட்டுப் பொருள்படும். அக்கொடுங்கோலன் 388இல் முதலாம் தியோடோசியஸினால் வெல்லப்பட்ட மக்ஸிமஸ் எனின், வாயில் மதிலுக்கு முற்பட்டதாதல் வேண்டும். அன்றி, 425இல் வீழ்த்தப்பட்ட ஜோனஸ் எனின், அது மதிலுக்குப் பிற்பட்டதாகும். 1999இல் ஜொனதன் பார்டில் வெளியிட்ட ஆய்வு முதலாவது கருத்தை வலியுறுத்திற்று. அக்கருத்தின்படி, நகருக்கு வெளியே தனித்து நின்ற வெற்றி வளைவு ஒன்றைப் பின்னர் வந்த மதில் தன்னோடு இணைத்துக்கொண்டது.

இவ்விவாதம் கட்டடக்கலை வல்லுநர்க்கு மட்டுமே உரியதெனக் கருதவேண்டியதில்லை. தற்காப்பின் பொருட்டன்றி வெற்றிப் பறைசாற்றலின் பொருட்டே இவ்வாயில் பிறந்தது என்பது இதனாற் பெறப்படுகின்றது. வழிப்போக்கருக்கும் வணிகருக்கும் வடக்கே அண்மையில் வேறொரு சிறு வாயில் இருந்தது. பொன்வாயிலோ பேரரசனுக்கும் அவனது வெற்றிக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது.

அவ்வூர்வலங்கள் பல நூல்களிற் பதிவாகியுள்ளன. 879இல் முதலாம் பேஸில் தன் மகனுடன் இவ்வழியே நகருட் புகுந்தான். 963இல் படைத்தலைவனாக இருந்த நிக்கிபோரஸ் போக்காஸ் இவ்வாயிலின் வழியே வந்தே முடிசூடினான். பின்னர் அவன் சிலீசியாவில் தார்சஸ், மொப்சுவெஸ்தியா ஆகிய நகரங்களை வென்றபோது அவற்றின் கதவுகளைக் கொணர்ந்து பொன்முலாம் பூசி, ஒரு சோடியைப் பொன்வாயிலிற் பொருத்தினான் எனக் காலவரலாற்றாசிரியர் கூறுவர். வென்ற நகரின் வாயிலைத் தன் நகரின் வாயிலாக்கிக் கொள்ளும் இச்செயல், வாயில் என்பது அக்கால அரசியலில் எதனைக் குறித்து நின்றது என்பதைத் தெளிவாக்குகின்றது. 1019இல் பல்கேரியரை முற்றாக அடக்கிய இரண்டாம் பேஸில் பொன்முடி தரித்து இவ்வழியே நுழைந்தான்.

பகைவரும் இதனை நன்குணர்ந்திருந்தனர். 813இல் பைசாந்தியப் படையைத் தோற்கடித்து மதிலடிவரை வந்த பல்கேரிய மன்னன் குரூம், பொன்வாயிலின் முன்னிலையிற் பலியிட்டுச் சடங்கு நடத்தினான். சமாதானத்துக்கு அவன் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, தன் ஈட்டியைப் பொன்வாயிலிற் குத்தி நிறுத்த அனுமதிக்கவேண்டும் என்பதாகும். நகரைக் கைப்பற்ற அவனால் இயலவில்லை. வாயிலைத் தீண்டினாலே போதுமென அவன் எண்ணினான். பைசாந்தியரும் அதற்கு உடன்படவில்லை.

2. சுருங்கிய வாயில்

1204இல் நான்காம் சிலுவைப் போர்ப் படையினர் நகரைச் சூறையாடி இலத்தீன் அரசொன்றை நிறுவினர். 1261இல் கிரேக்கர் நகரை மீட்டனர். மீட்பு நிகழ்ந்த விதம் கவனத்துக்குரியது. யூலை 25ஆந் திகதி, இலத்தீன் காவற்படையின் பெரும்பகுதி வெளியே சென்றிருந்த வேளையில், அலெக்ஸியஸ் ஸ்ட்ரட்டெகோபூலஸ் என்னும் தளபதியின் சிறு படையொன்று ஊற்றுவாயில் எனப்பட்ட வேறொரு வாயிலின் வழியே இரவில் இரகசியமாக உட்புகுந்தது. பேரரசன் எட்டாம் மைக்கேல் பாலையலோகஸ் மூன்று வாரங்கள் கழித்து, ஓகத்து 15ஆந் திகதி, கன்னி மரியாளின் திருவுருவம் முன்னே செல்லக் கால்நடையாகப் பொன்வாயிலின் வழியே வந்தான். நகரைத் திறந்தது ஒரு வாயில். பெருமை சேர்ந்தது மற்றொரு வாயிலுக்கு. பொன்வாயில் கண்ட கடைசி வெற்றி ஊர்வலம் இதுவே.

இதன் பின் பேரரசுக்குக் கொண்டாடத்தக்க வெற்றிகள் வாய்க்கவில்லை. இவ்வீழ்ச்சியைத் துருக்கியரின் படைவலிமை ஒன்றினால் மட்டும் விளக்க முயல்வது போதாது. கடல் வாணிபம் முழுவதும் வெனிசியர், ஜெனோவர் ஆகியோரின் கைக்கு மாறிவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ஜெனோவர் குடியேற்றமாகிய கலாத்தா ஆண்டுதோறும் 200,000 பொற்காசுகளைச் சுங்கமாகப் பெற்றபோது கொன்ஸ்தாந்திநோபிள் பெற்றது 30,000 மட்டுமே என அக்காலத்தவரான நிக்கிபோரஸ் கிரெகோராஸ் எழுதுகின்றார். இதே நூற்றாண்டில் அரச குடும்பத்தினர் தமக்குள் இருமுறை பெரும் உள்நாட்டுப் போர்களில் ஈடுபட்டனர். ஒவ்வொரு தரப்பும் துருக்கியப் படைகளைக் கூலிக்கும் துணைக்கும் அழைத்தது. சுங்கப் பணம் கடல்வழியே வெளியேறிக்கொண்டிருந்தபோது நிலவாயில் மட்டும் பழைய பொலிவோடு இருத்தல் இயலாது.

பாலையலோக மன்னர் காலத்தின் பிற்பகுதியில் வாயிலின் வளைவுகள் சிறுகச் சிறுக அடைக்கப்பட்டன. வெற்றி வளைவு ஓர் அடைக்கலக் கோட்டையாக மாறிற்று. ஐந்தாம் ஜோன் தன் ஆட்சியின் இறுதியில், பாழடைந்த தேவாலயங்களின் பளிங்குக் கற்களைப் பெயர்த்தெடுத்து இக்கோட்டையைப் பலப்படுத்தினான். அவனது மகன் மனுவெல் அப்போது சுல்தான் பயஸீத்தின் பாளையத்தில் இருந்தான். கோட்டையை இடிக்காவிடின் மகனின் கண்களைப் பிடுங்கிவிடுவதாகச் சுல்தான் அச்சுறுத்தினான். முதிய பேரரசன் தான் கட்டியதைத் தானே இடித்தான், 1391இல் மரணமடைந்தான்.

இச்செய்தி பொன்வாயிலின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். வென்றவன் நுழைவதற்கெனக் கட்டப்பட்ட வாயில், தோற்றவன் ஒளிவதற்கான இடமாகிற்று. பின்னர் அதனைக் கட்டவோ இடிக்கவோ வேண்டிய ஆணையும் வெளியிலிருந்தே வந்தது. ஐதீகமோ இந்நூற்றாண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதன் கணக்கில் வாயில் 1453 வரை திறந்தே இருந்தது. பகைவனே அதனை அடைத்தான்.

3. இரு வாயில்களின் கதை

1453 ஏப்பிரல் 6 தொடக்கம் மே 29 வரை நீடித்த முற்றுகையைப் பற்றி நேரிற் கண்டோரும் கேட்டோரும் எழுதிய நூல்கள் பல உள. பேரரசனின் நண்பனும் அலுவலனுமாகிய ஜோர்ஜ் ஸ்பிரான்ட்ஸிஸ், ஆயுதமேந்தத்தக்க கிரேக்கரைக் கணக்கெடுக்குமாறு பணிக்கப்பட்டான். தொகை ஐயாயிரத்துக்கும் குறைவாயிருந்தது. அதனை எவருக்கும் வெளியிடவேண்டாமெனப் பேரரசன் கூறினான். இத்தாலியர் முதலிய அயலவரையும் சேர்த்து ஏழாயிரம் பேர் அளவிலேயே மதிலைக் காத்தனர். மறுபுறத்திலோ அவர்களைப் போலப் பன்மடங்கான படையும், ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த ஓர்பன் என்பவன் வார்த்த பெரும் பீரங்கியும் இருந்தன. ஓர்பன் தன் தொழிலை முதலிற் கொன்ஸ்தாந்தைனுக்கே விற்க முன்வந்தான். கேட்ட ஊதியத்தைக் கொடுக்கப் பேரரசனிடம் பணமிருக்கவில்லை.

மதில் உடைந்த இடம் பொன்வாயில் அன்று. மதிலின் நடுப்பகுதியில், லைக்கஸ் ஓடையின் தாழ்நிலத்தில், பீரங்கியால் நொறுக்கப்பட்ட பகுதியிலேயே இறுதித் தாக்குதல் வெற்றிபெற்றது. சுல்தான் இரண்டாம் முகம்மது உட்புகுந்ததும் வடக்கேயுள்ள அதிரியனோபிள் வாயிலின் வழியேயாகும். எனவே ஐதீகம் பொன்வாயிலைத் தெரிந்தெடுத்தமைக்கு முற்றுகை நிகழ்ச்சிகள் காரணமல்ல. பழைய ஊர்வலங்களின் நினைவே காரணம்.

முற்றுகையோடு தொடர்புடைய வேறொரு வாயிற் கதையும் உண்டு. கெர்க்கோபோர்ட்டா என்னும் சிறு புறவாயில் பூட்டப்படாது விடப்பட்டதென்றும், அதன் வழியே புகுந்த ஐம்பது துருக்கியராலேயே நகரம் வீழ்ந்ததென்றும் அக்கதை கூறும். ஸ்டெபான் ஸ்வைக் எழுதிய வரலாற்றுச் சித்திரம் இதனை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் அக்காலத்து ஆசிரியர்களுள் இதனைக் கூறுபவர் டூக்காஸ் ஒருவரே. அவரும் முற்றுகையின்போது நகரில் இருந்தவரல்லர். நகருள்ளே இருந்து நாட்குறிப்பு எழுதிய வெனிசிய மருத்துவர் நிக்கொலோ பார்பரோ இச்சிறு வாயிலைக் குறிப்பிடவில்லை. அந்நிகழ்ச்சி நடந்திருக்கவே முடியாதென்பதன்று. நகரின் வீழ்ச்சிக்கு அதுவே காரணமென்பதை ஏற்பதற்கு ஒரே சாட்சியின் கூற்றுப் போதாது என்பதே ஈண்டு வற்புறுத்தத்தக்கது.

இவ்விரு கதைகளையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து அவற்றின் பொதுத்தன்மை புலப்படும். ஒன்று மறந்து திறந்துவிடப்பட்ட வாயில். மற்றையது அஞ்சி அடைக்கப்பட்ட வாயில். ஒன்று தோல்வியைத் தற்செயலாக்குகின்றது. மற்றையது மீட்சியை அற்புதமாக்குகின்றது. ஒரு காவலாளி தாழ்ப்பாளைப் போட்டிருந்தால் நகரம் பிழைத்திருக்கும். ஒரு தேவதூதன் வாளைக் கொடுத்தால் நகரம் மீளும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கவேண்டிய கேள்விகள், அதாவது சுங்கப் பணம் எங்கே போயிற்று, உள்நாட்டுப் போர்களை நடத்தியவர் யார், ஏழாயிரம் பேர் மட்டுமே மதிலில் நிற்க நேர்ந்தது ஏன் என்பன, கேட்கப்படாமலே போய்விடுகின்றன. தோல்வியுற்ற சமூகத்துக்கு இக்கதைகள் ஆறுதலளித்தன என்பதை மறுப்பதற்கில்லை. தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் கடமையிலிருந்தும் அவை அதனை விடுவித்தன.

4. உறங்கும் பேரரசன்

பளிங்குப் பேரரசனின் கதை 1453இல் திடீரென முளைத்ததன்று. 7ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்டு, விரைவிலேயே கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசன நூல் உண்டு. மெத்தோடியஸ் என்னும் பழைய ஆயரின் பெயரில் அது வழங்கியது. எல்லாம் இழக்கப்பட்டதென எண்ணும் வேளையில் பேரரசன் ஒருவன் உறக்கத்திலிருந்து விழித்தெழுபவனைப் போல எழுந்து பகைவரை முறியடிப்பான் என்பது அதன் செய்தி. இச்செய்தி எண்ணூறு ஆண்டுகளாக உலவிக்கொண்டிருந்தது. 1453 அதற்கு ஒரு பெயரையும் ஒரு வாயிலையும் கொடுத்தது.

பேரரசனின் மரணம் பற்றிய சான்றுகளின் நிலையும் இதற்கு இடமளித்தது. ஸ்பிரான்ட்ஸிஸ் தாம் எழுதிய நாட்குறிப்பில், பேரரசன் கொல்லப்பட்டானென்றும் அவ்வேளையில் தாம் அவனருகில் இருக்கவில்லையென்றும் சுருக்கமாகக் கூறி நிறுத்திவிடுகின்றார். கழுகுச் சின்னம் பொறித்த காலணிகளைக் கொண்டு உடல் அடையாளங் காணப்பட்டதென்ற விரிவான செய்தி அவர் பெயரிலுள்ள பெருநூலில் வருகின்றது. அப்பெருநூல் 16ஆம் நூற்றாண்டில் மக்காரியஸ் மெலிஸெனஸ் என்னும் பேராயரால் விரித்தெழுதப்பட்டது என்பதை 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் நிறுவினர். இவ்வாறாக, நண்பனின் மௌனத்தை ஒருபுறம் போலி நூலும் மறுபுறம் ஐதீகமும் நிரப்பின. கல்லறையில்லாத மன்னனுக்குக் குகை கிடைத்தது.

அடைக்கப்பட்ட வாயிலும் வரவிருக்கும் மன்னனும் இணைந்து தோன்றுவது கொன்ஸ்தாந்திநோபிளுக்கு மட்டும் உரியதன்று. ஜெருசலேம் நகரின் கிழக்கு மதிலிலும் பொன்வாயில் என வழங்கும் அடைக்கப்பட்ட வாயிலொன்று உண்டு. மெசியா அவ்வழியே நுழைவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. பயன்பாட்டிலுள்ள வாயிலைப் பற்றி எவரும் கதை புனைவதில்லை. அதன் வழியே காய்கறியும் கழுதையும் வரிவசூலிப்போனும் போய்வந்துகொண்டிருப்பர். அடைக்கப்பட்ட வாயிலோ ஏன் அடைக்கப்பட்டது என்ற கேள்வியை ஒவ்வொரு தலைமுறையிடமும் எழுப்பிக்கொண்டேயிருக்கின்றது. காரணம் மறக்கப்பட்ட பின்னர் கதை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

இனி, இவ்வாயிலைப் பற்றிய அச்சமும் நம்பிக்கையும் தோற்றவர்க்கு மட்டுமே உரியனவாக இருக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1457-58இல் சுல்தான் முகம்மது பொன்வாயிலின் உட்புறத்தே மூன்று புதிய கோபுரங்களை எழுப்பி, ஏற்கெனவேயிருந்த நான்கினோடு இணைத்து ஏழு கோபுரக் கோட்டையை அமைத்தான். யெடிக்குலே என்னும் பெயர் இதனைக் குறிப்பதே. அது கருவூலமாகவும் பின்னர் சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. 1622இல் சுல்தான் இரண்டாம் ஒஸ்மான் தன் சொந்தப் படைவீரரால் அங்கே கொல்லப்பட்டான். அக்காலத்தில் ஆங்கிலத் தூதராக இருந்த சேர் தோமஸ் றோ, வாயிலின் முன்புறத்தே இருந்த பழைய கிரேக்கச் சிற்பப் பலகைகளைப் பெயர்த்துத் தம் நாட்டுப் பிரபுக்களுக்கு அனுப்பப் பெருமுயற்சி செய்தார். ஹெர்க்குலிஸ் முதலியோரின் கதைகளைச் சித்திரிக்கும் சிற்பங்கள் அவை. பணமும் செல்வாக்கும் பயன்படவில்லை. அச்சிற்பங்கள் மந்திரத்தாற் கட்டுண்டவையென்றும், அவற்றை அகற்றினால் நகருக்குப் பெருந்தீங்கு விளையுமென்றும் கோட்டைக் காவலரும் மக்களும் கிளர்ந்தெழுந்தனர் என அவர் தம் கடிதங்களில் முறையிட்டுள்ளார்.

அம்மக்கள் துருக்கியர், முஸ்லிம்கள். கிரேக்கத் தெய்வக் கதைகளைச் செதுக்கிய கற்களை அவர்களே காத்து நின்றனர். நகரை வென்றவர் தலைமுறைகள் சில கடந்ததும் அந்நகரின் மக்களாகிவிடுகின்றனர். அதன் கற்களுக்கும் அஞ்சத் தொடங்குகின்றனர். ஐதீகத்தை இனத்தின் உடைமையாகக் கொள்வோர் இச்செய்தியை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

5. ஐதீகம் அரசியலானபோது

ஓர் ஐதீகம் நம்பப்படுவதால் விளையும் பயன் யாது என்ற கேள்விக்கு, முற்றுகையின் இறுதி நாளே ஒரு விடையைத் தந்திருந்தது. பகைவர் கொன்ஸ்தாந்தைனின் தூண்வரை வருவர். அங்கே வானத்திலிருந்து இறங்கும் தேவதூதன் ஓர் ஏழை மனிதனிடம் வாளைக் கொடுக்க, அவர்கள் துரத்தப்படுவர் என்றொரு தீர்க்கதரிசனம் நகரில் வழங்கியது. இதனை நம்பியே ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் தூணுக்கு அப்பாலுள்ள புனித சோபியா பேராலயத்தினுள் நெருக்கியடித்துப் புகுந்து கதவுகளை அடைத்துக்கொண்டனர் என டூக்காஸ் எழுதுகின்றார். கதவுகள் உடைக்கப்பட்டன. உள்ளேயிருந்தோர் சிறைப்பிடிக்கப்பட்டு அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்டனர்.

பளிங்குப் பேரரசனின் கதையும் இத்தகைய சோதனைக்கு உள்ளாகிற்று. துருக்கிய ஆட்சியின் நூற்றாண்டுகளில் அது பாட்டிமார் சொல்லும் கதையாகவே இருந்தது. அடிமைப்பட்ட மக்களின் மொழியையும் சமயத்தையும் பேணுவதில் அதற்கும் ஒரு பங்குண்டு. கிரேக்கம் தனிநாடாகிய பின்னர் அதன் நிலை மாறியது. கொன்ஸ்தாந்திநோபிளை உள்ளடக்கிய பெருநாடொன்றை மீட்டெடுக்கும் கொள்கையை 1844இல் அரசியல்வாதி ஜோன் கொலெட்டிஸ் நாட்டின் பிரதிநிதிகள் சபையிலே முழங்கினார். பெருங்கருத்து என அது பெயர்பெற்றது. 1904இல் நிக்கொலாஸ் பொலிட்டிஸ் என்னும் அறிஞர் மக்கள் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது பளிங்கு மன்னனின் கதை நாட்டாரியற் சான்றாகவும் இடம்பெற்றது. 1913இல் கொன்ஸ்தாந்தைன் என்ற பெயருடைய மன்னன் அரியணை ஏறினான்; அவன் மனைவியின் பெயர் சோபியா. பதினொராமவன் உறங்குகின்றான் எனின் இவன் பன்னிரண்டாமவன் அல்லவா எனப் பலர் பேசினர்.

1919 மே மாதத்தில், வல்லரசுகளின் இசைவுடன், கிரேக்கப் படை சின்னாசியாவில் ஸ்மேர்னா நகரில் இறங்கியது. அந்நாட்டுக்குள் அங்காராவை நோக்கி வெகுதூரம் சென்ற படை 1921இல் சக்கார்யா ஆற்றங்கரையில் தடுக்கப்பட்டது. 1922 ஓகத்து மாதத்துத் துருக்கியத் தாக்குதலில் அது சிதறியது. செத்தெம்பர் மாதத்தில் ஸ்மேர்னா தீக்கிரையாயிற்று. மன்னன் முடிதுறந்து, 1923 சனவரியில் இத்தாலியில் மரணமடைந்தான். அதே மாதத்தில் லோசான் நகரிற் கையெழுத்தான உடன்படிக்கை, ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் கிறித்தவரையும் நான்கு இலட்சம் அளவிலான முஸ்லிம்களையும் கட்டாயமாக இடம்மாற்றியதை உறுதிசெய்தது.

இப்பேரழிவுக்கு ஐதீகமே காரணம் எனக் கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். வல்லரசுகளின் போட்டி, கிரேக்க அரசியற் கட்சிகளின் பிளவு, துருக்கியத் தேசியத்தின் எழுச்சி என்பனவே நிகழ்ச்சிகளை உந்தின. ஐதீகம் அவற்றுக்கு மொழியைக் கொடுத்தது. கணக்கிட்டு விவாதிக்கவேண்டிய ஒரு போரை, எழுதி வைத்த விதியாக அது தோற்றச் செய்தது. படைக்கு எத்தனை மைல் வழங்கற்பாதை உண்டு என்று கேட்டவன் நம்பிக்கையற்றவனாகக் காணப்பட்டான்.

விலையைச் செலுத்தியவர் யாரென்பதும் நோக்கற்பாலது. இடம்பெயர்க்கப்பட்ட கிறித்தவருள் துருக்கி மொழியை மட்டுமே பேசிய அனத்தோலிய மக்களும் இருந்தனர். பளிங்கு மன்னனின் கதை சொல்லப்பட்ட மொழியே அவர்களுக்குத் தெரியாது. அவ்வாறே, கிறீத்துத் தீவிலிருந்து அகற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் கிரேக்கமே பேசினர். உடன்படிக்கையின்படி கொன்ஸ்தாந்திநோபிளிலேயே தங்க அனுமதிக்கப்பட்ட கிரேக்கர், அதாவது பொன்வாயிலின் அயலில் உண்மையில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், இரு நாடுகளின் பகைமைக்கும் பணயமாயினர். 1955 செத்தெம்பரில் அவர்களின் கடைகளும் வீடுகளும் ஆலயங்களும் கும்பல்களால் நொறுக்கப்பட்டன. 1964இல் பல்லாயிரவர் வெளியேற நேர்ந்தது. ஒருகாலத்தில் இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த அச்சமூகம் இன்று சில ஆயிரமாகக் குறைந்துவிட்டது. வாயிலின் வழியே எவரும் வெற்றியுடன் நுழையவில்லை. நகரில் இருந்தவர்களே வெளியேறினர்.

6. மதிப்பீடு

பொன்வாயிலின் ஐதீகம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. தோல்வியுற்ற மக்கள் தம் இழப்பை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு அது நேர்மையான சான்று. நகரம் வீழ்ந்ததை ஆவணங்கள் கூறும். வீழ்ந்ததை ஏற்க மனம் மறுத்ததை ஐதீகமே கூறும். 1971இல் கவிஞர் ஒடிசியஸ் எலிட்டிஸ் கடைசிப் பேரரசனின் மரணத்தையும் உயிர்த்தெழுகையையும் கவிதைப் பொருளாக்கினார். கவிதையில் உறங்கும் மன்னனுக்கு இடமுண்டு. 1992இல் டொனால்ட் நிக்கல் அம்மன்னனின் வாழ்வையும் அவனைப் பற்றிய கதைகளையும் ஒரே நூலில், ஒன்றை மற்றொன்றோடு கலக்காது, ஆராய்ந்தார். ஆய்வுக்கும் அவன் உரியவனே. படைத் திட்டத்தில் மட்டும் அவனுக்கு இடமில்லை.

ஐதீகத்தை விமர்சிப்பவனின் பணி, அதனைக் கொண்டாடுவதோ குலைப்பதோ அன்று. அது எந்தக் காரணத்தை மறைக்கின்றது என்று கேட்பதே அவன் பணி. கொன்ஸ்தாந்திநோபிளைப் பொறுத்தவரையில் அவ்விடை கல்லிலேயே காணக்கிடக்கின்றது. பொன்வாயிலின் வளைவுகளைச் சுருக்கிய கற்கள் முதலிற் பைசாந்தியரின் கைகளால் வைக்கப்பட்டன. பகைவன் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, வெற்றியுடன் நுழைவதற்கு எவருமில்லை என்பதை அரசு உணர்ந்திருந்தது. பகைவன் அடைத்தான் என்று கதை சொன்ன தலைமுறைகள், தம் முன்னோர் வைத்த கற்களை எண்ண மறந்தன. அவற்றை எண்ணியிருப்பின், வாயிலைத் திறப்பதற்குத் தேவதூதனை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.